சத்துமாவும் என் மூன்று பிள்ளைகளும்

சத்துமாவைக் கட்டி தட்டாமல் கரைக்க வேண்டுமானால், முதலில் பச்சைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு அதற்கப்புறம்தான் வெந்நீர் ஊற்ற வேண்டும். பலர் எடுத்த எடுப்பில் வெந்நீரைக் கவிழ்த்துவிட்டு, மாவு சரியில்லை என்று அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். பதினெட்டு வருடமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் நீங்கள் குறிப்பெடுக்கிறீர்கள், ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காவது பயன்படும்.

எங்கள் தாய் சேய் ஊட்டச்சத்து மையம் பெரிய இடமில்லை. இரண்டே அறைகள். முன்னறையில் தராசும் ஒரு பெஞ்சும் ஆயாவும். பின்னறையில் மாவுப் பாக்கெட்டுகளும் பால்பவுடர் டின்களும். நடுவில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான், என் முன்னால் கம்ப்யூட்டரும் பதிவேடும். வசதியில்லாத கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இவர்களுக்காக ஏற்பட்ட திட்டம் அது. மாதம் ஒருமுறை வந்து எடை போட்டுக்கொள்ள வேண்டும். ஆயா எடையைச் சத்தமாகச் சொல்வாள், நான் எழுதுவேன். எடை சரியாக இருந்தால் பச்சைக் கட்டம். கொஞ்சம் குறைந்தால் மஞ்சள். ரொம்பக் குறைந்தால் சிவப்பு. சிவப்புக் குழந்தைக்குக் கூடுதலாக இரண்டு பாக்கெட் மாவும் ஒரு டின் பால்பவுடரும் உண்டு. மொத்தம் எண்பது பேருக்குத்தான் இடம். எண்பத்தோராவது ஆள் வந்தால் யாராவது விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான் திருடனில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குண்டூசியைக்கூட அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவுக்குச் சர்க்கரை, மாமாவுக்குச் சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் உண்டு. அதனால் அந்த வீட்டில் உப்பும் கிடையாது, இனிப்பும் கிடையாது. மூன்று வேளையும் ஏதோ ஒன்று வெந்து தட்டில் கிடக்கும். அக்காவைக் குறை சொல்லவில்லை. ஒரு மனிதன் எந்த நிலைமையில் இருந்தான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு பாக்கெட் கிழிந்துவிட்டது. கிழிந்த பாக்கெட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. தூக்கிப்போட மனம் வரவில்லை. கரைத்துக் குடித்தேன். வறுத்த பயறும் ஏலக்காயும் கலந்த வாசனை. அடியில் மெல்லிய இனிப்பு. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வழக்கமாகப் பதினோரு மணிக்கு எனக்கு ஒரு கோபம் வரும், ஐயா. அன்றைக்கு வரவில்லை. ஜன்னலில் வந்த அத்தனை பேரிடமும் சிரித்துப் பேசினேன். ஆயா இரண்டுமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் பாக்கெட்டுகள் அடிக்கடி கிழிய ஆரம்பித்தன. எலி என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து எலிப்பொறி வந்தது. பொறியில் எலி விழவில்லை என்று கேள்வி வந்தது. இப்படிச் சில்லறைத்தனமாக இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. எதையும் முறைப்படி செய்துதான் எனக்குப் பழக்கம். அப்போது பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்தது. காத்திருப்போர் யாருமில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், யாருடைய இடத்தையும் நான் பறிக்கவில்லை. ஒரு கர்ப்பிணியைப் பதிவு செய்தேன். வயது இருபத்தாறு, முதல் பிரசவம், நான்காவது மாதம். முகவரி கேட்டது. கதவு எண் உண்மையானதாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்பதால் அக்கா வீட்டு எண்ணைக் கொடுத்தேன். கணவர் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அரசு ஊழியர் என்று எழுதினால் திட்டத்துக்குத் தகுதி கிடைக்காது. கூலி என்று எழுதினேன். என் கையாலேயே அப்படி எழுத வேண்டிவந்ததே என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அவளுடைய எடையை நான் இஷ்டத்துக்கு எழுதவில்லை. மாதம் பிறந்ததும், ஆயா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நானே தராசில் ஏறி நிற்பேன். எனக்கு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதையே அவள் பெயரில் எழுதினேன். பொய்க் கணக்கு எழுதுவது எனக்கு ஆகாது. ஐந்து மாதத்தில் நாங்கள் பதினோரு கிலோ ஏறினோம். கர்ப்பிணிக்கு அது நல்ல ஏற்றம். எனக்குத்தான் பேண்ட் எதுவும் சேரவில்லை.

ஒன்பது மாதம் முடிந்த மறுநாள் அவள் பெயர் திரையில் சிமிட்ட ஆரம்பித்தது. பிரசவ விவரம் தரவும் என்று கேட்டது. இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் மூன்று நாள் கை ஓடவில்லை. நான்காம் நாள் பெண் என்று எழுதினேன். எடை இரண்டு கிலோ நூறு. அதைவிடக் கூட எழுதியிருக்கலாம். ஆனால் குறைந்த எடைக்குத்தான் கூடுதல் மாவு. பெயர் வைத்தேன். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன், கண்பட்டுவிடும். மூத்தவள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா கேட்டாள்.

“என்னடா, மூஞ்சியில ஒரு களை தெரியுது. பதவி உயர்வா?”

“அந்த மாதிரிதான்க்கா.”

மூத்தவளை வளர்ப்பது சுலபமாக இருக்கவில்லை, ஐயா. மாதாமாதம் அவள் எடையை எழுதும்போது நன்றாக ஏற்றி எழுத ஆசையாக இருக்கும். ஏற்றினால் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போய்விடுவாள், மாவு நின்றுவிடும். எந்தத் தகப்பனாவது பெற்ற பெண்ணை வேண்டுமென்றே நோஞ்சானாக வைத்திருப்பானா? நான் வைத்திருந்தேன். அந்த வேதனையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. நூறு கிராம், நூற்றைம்பது கிராம் என்று அளந்து அளந்து ஏற்றினேன். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டு அன்று முழுக்க எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு டம்ளர்தான் குடித்தேன்.

அவளுக்கு ஒரு வயது தாண்டியதும் துணையில்லாமல் தனியாக வளர்கிறாளே என்று தோன்றியது. அவள் அம்மாவை மறுபடியும் நான்காம் மாதக் கர்ப்பிணியாகப் பதிவு செய்தேன். இரண்டு பிரசவங்களுக்கு இடையில் போதிய இடைவெளி இல்லை என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. மறுநாளே தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

“சார், இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“சொல்றேன் சிஸ்டர்.”

“அந்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேளுங்க. என்ன ஆளு சார் அவன்?”

“நல்ல மனுஷன்தான் சிஸ்டர். கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்.”



இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அம்மாவுக்கு ஏற்கெனவே ஓர் இடம், மூத்தவளுக்கு ஓர் இடம். இப்போது புதிதாக இரண்டு இடம் தேவைப்பட்டது. பட்டியலில் எண்பதும் நிரம்பியிருந்தது. ஒரு பையனுக்கு ஐந்து வயது முடிந்ததால் அவன் தானாகவே விலகினான். இன்னும் ஒன்றுதான் வேண்டியிருந்தது. இரட்டையரில் ஒருவனை மட்டும் பதிவு செய்துவிட்டு இன்னொருவனை விட்டுவிட எந்தத் தகப்பனுக்கு மனம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

பஸ் டிப்போவில் பஸ் கழுவும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எப்போது வந்தாலும் புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்திருக்கும். அவள் பெண்ணுக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் அதைக் குண்டம்மா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தையைப் பார்த்தால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆறு கிலோ இருநூறு, சிவப்புக் கட்டம். நான் அந்த ஆறை எட்டு ஆக்கினேன். கம்ப்யூட்டர் உடனே பச்சை காட்டியது. எடை தேறியதால் விலக்கப்பட்டார் என்று காரணம் எழுதினேன். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அவ்வளவு வேகமாகத் தேறியது அன்றுதான். இரண்டு நிமிடம் கழித்து என் சின்னவன் உள்ளே வந்தான்.

அடுத்த மாதம் அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

“சார், எம் பொண்ணு பேரு பட்டியல்ல இல்லைன்னு ஆயா சொல்றாங்க.”

“எடை தேறிடுச்சும்மா. சந்தோஷப்படுங்க.”

“தேறிடுச்சா? இவளா?” குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். “காத்தடிச்சா கையில நிக்க மாட்டா சார் இவ.”

“கம்ப்யூட்டர் சொல்லுதும்மா.”

“கம்ப்யூட்டர் இவளைத் தூக்கிப் பாத்துச்சா சார்?”

நல்ல கேள்வி. விதிகளில் அதற்குப் பதில் இல்லை. ஆயா பக்கத்தில் வந்து, “ஒருதடவை போட்டுத்தான் பாத்துடலாமே சார்” என்றாள். பட்டியலில் இல்லாதவர்களை எடை போட்டால் தராசு தேய்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். ஆயாவுக்கு அது நியாயமாகப் படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எழுத்து என் வேலை, எடைதான் அவள் வேலை.

அந்தப் பெண்ணை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. சத்துள்ள உணவுகள் என்று ஒரு வண்ணப்படம் எங்களிடம் உண்டு. முட்டை, பால், பழம், கீரை எல்லாம் பளபளவென்று இருக்கும். மாதம் ஒன்று கொடுத்தேன். எட்டு மாதத்தில் எட்டுப் படம். வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். “முட்டை எங்கன்னு கேட்டா கரெக்டா கை வைக்கிறா சார்” என்றாள். அறிவான குழந்தை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மாதாமாதம் அந்தக் குழந்தை மெலிந்துகொண்டே போனதற்கு வளர்ப்பும் ஒரு காரணம் என்றுதான் நினைத்தேன். என் இரட்டையர்கள் அதே எட்டு மாதத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஏறினார்கள்.

எல்லாம் குலைந்தது ஒரு பரிசால். புதிதாக வந்த திட்ட அதிகாரி இளம்பெண். கம்ப்யூட்டரில் தேடி, முன்மாதிரித் தாய் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாராம். மூன்று பிள்ளைகள், ஒரு மாதம்கூட வராமல் இருந்ததில்லை, ஒரு பாக்கெட்கூட வாங்காமல் விட்டதில்லை. மாவட்டத்திலேயே அப்படி ஒருத்தி கிடையாதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் சான்றிதழும் பிரஷர் குக்கரும் போட்டோகிராபரும் ஜீப்புமாகக் காலை பதினொரு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

அங்கே நடந்ததை அக்கா பிற்பாடு சொன்னாள். “சின்னக் குழந்தைங்க மூணு பேரு இங்கதானே?” என்று அதிகாரி கேட்டிருக்கிறார். “எங்க குடும்பத்துல கடைசியா தொட்டில் கட்டினது என் தம்பிக்குத்தான். அவனுக்கு அம்பத்தொண்ணு ஆகுது” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதிகாரி காகிதத்தைக் காட்டினார். கதவு எண் சரி. அக்காவுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கிறது. நேரே என் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். மடித்து அடுக்கிய காலிப் பாக்கெட்டுகளும், அவற்றுக்கு மேலே பூப்போட்ட சின்ன கவுனும், இரண்டு ஜோடிக் காலுறையும் இருந்தன. கவுன் நான் மூத்தவளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்கலாம். பிறந்தநாளுக்கு வாங்காமல் வேறு எதற்கு வாங்குவார்கள்?

கால் மணி நேரத்தில் மையத்தின் வாசலில் ஜீப் நின்றது. முதலில் இறங்கியது அக்கா. கையில் கவுன், கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, ஐயா.

“ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன வேத்து மனுஷியா? பொண்டாட்டி யாரு எவன்னு ஒண்ணும் கேக்க மாட்டேன். புள்ளைங்களைக் கூட்டிட்டு வா. மூத்தவளுக்கு நான் தலை வாரி விடுறேன்.”

“அவளுக்கு அவ்வளவா முடி இல்லக்கா” என்றேன்.

அதிகாரி குக்கரை மேசைமேல் வைத்தார். “சார், எங்க இருக்காங்க அவங்க?”

நான் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். “இதுலதான் மேடம்.”

அவருக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கவுனைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, “ரெட்டையில ஒண்ணுகூடவா இல்ல?” என்று கேட்டாள்.

இந்த மூன்று வருடத்தில் எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்த நிமிடம் அதுதான்.  இல்லையென்று தலையை ஆட்டினேன்.

பஸ் கழுவும் பெண்ணும் அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அதே பெஞ்சின் மறுகோடியில் குண்டம்மாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலே ஆயா எழுந்து போய் அந்தக் குழந்தையை வாங்கித் தராசில் உட்கார வைத்தாள். பதினெட்டு வருடத்தில் ஆயா என்னைக் கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. “ஆறு கிலோ எழுநூறு” என்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள். அப்போது அதற்கு வயது பதினேழு மாதம்.

அதிகாரி பதிவேட்டில் தேடினார். எட்டு மாதத்துக்கு முன்னால் எட்டு கிலோ இருநூறு என்று இருந்தது. விலக்கிய தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், அதற்கடுத்த பதிவைப் பார்த்தார். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தக் குழந்தை ஒவ்வொரு மாசமும் இந்த ஜன்னலுக்கு வந்திருக்கு. நீங்க தினமும் உள்ள உக்காந்து அதோட மாவைக் குடிச்சிருக்கீங்க.”

“தினமும் இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை லீவு.”

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து குண்டம்மாவின் பெயரை ஏற்ற முயன்றார். இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. என் சின்னவன் பெயரில் விரலை வைத்தார். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் மூத்தவள். கடைசியாக அவர்கள் அம்மா. பஸ் கழுவும் பெண் பின்னறையிலிருந்து நான்கு பாக்கெட்டும் ஒரு டின்னும் வாங்கிக்கொண்டாள். என்னை அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் ஏதோ பழுதாகிக் கிடக்கும் பஸ் என்பதுபோல ஒருமுறை பார்த்தாள்.

அவள் வாசலைத் தாண்டும்போது அக்கா எழுந்து போய் அந்தக் கவுனைக் குண்டம்மாவுக்கு மாட்டிவிட்டாள். இரண்டு குண்டம்மாவைப் போட்டாலும் அதில் இடம் மிச்சமிருக்கும். “அக்கா, அது மூத்தவளோடது” என்றேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதுமில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன், ஐயா. பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் நான்தான் தின்றேன், ஆயாவுக்கு இதில் பங்கில்லை. அந்தக் குழந்தையின் உண்மையான எடை தெரிந்தே மாற்றி எழுதினேன். எட்டு மாதம் அது என் கண்ணெதிரே தேய்ந்ததையும் பார்த்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டுங்கள்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். இல்லாமல் இருக்குமா, நானும் மனிதன்தானே. ஆனால் நீங்களும் கொஞ்சம் நடுநிலையாக யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைக்கு ஓர் அம்மா இருந்தாள். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் மாதாமாதம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். என் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?